கழுவியிருக்கக் கூடாத கல்

போன மாதம் பாலவனத்தத்தில் என் வீட்டைத் தேடி ஒரு பெண் வந்தார். கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவர். தோள்பையில் இருந்து கைப்பேசியையும் ஒரு சின்ன விளக்கையும் எடுத்துக் காட்டினார். கல்லைச் சுற்றிச் சுற்றி நூறு படம் எடுத்துக் கணினியில் போட்டால் தேய்ந்துபோன எழுத்துகூட எழுந்து நிற்குமாம். தண்ணீர் வேண்டாம், காகிதம் வேண்டாம், மை வேண்டாம்.

“கல்லத் தொடவே வேண்டாமா?” என்று கேட்டேன்.

“தொடவே கூடாதுங்கய்யா. இப்பல்லாம் அதான் முதல் விதி.”

என் கையில் டீ ஆறிப்போனது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, ஏதாவது கல்லை உடைச்சுட்டீங்களா?” என்று சிரித்தார். உடைக்கவில்லை, கழுவினேன் என்றேன். அதை எழுதித் தரச் சொன்னார். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். மற்றவர்கள் வெட்டி வைத்த எழுத்தை ஒற்றி எடுத்தே இருபத்து நான்கு வருடம் போய்விட்டது. என் எழுத்து இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பிறந்தது மல்லாங்கிணறு பக்கம். வானம் பார்த்த காடு. ஓரிடத்தில் இருக்கக் கால் ஒப்பாது எனக்கு. பதின்மூன்று வயதில் மதுரையில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். பிறகு உப்பளம், கரிமூட்டம், ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் நான்கு வருடம். வடக்கே எங்கெங்கோ போய், பாதி நாள் லாரிக்கு அடியில் படுத்து, ஒரு காய்ச்சலோடு ஊர் திரும்பினேன். முப்பத்திரண்டு வயதில் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காகிதச் சுருளும் குடமும் ஒரு மரப்பெட்டியுமாக இறங்கினார். “ரெண்டு நாள் வேலை இருக்கு, வர்றியா?” என்றார். போனேன். அந்த இரண்டு நாள் முடிய இருபத்து நான்கு வருடம் ஆனது.

அவர் கல்வெட்டு படிக்கிற ஒரு அலுவலகத்தில் அதிகாரி. நான் தினக்கூலி. கடைசி வரைக்கும் தினக்கூலிதான். சார் என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் வேலைக்கு மைப்படி எடுப்பது என்று பேர். கல்லை நீர் விட்டுத் தேங்காய்நார் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். இரும்பு படக்கூடாது, அமிலம் கூடவே கூடாது. தடித்த காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் கல்மேல் ஒட்டி, கட்டை மயிர்ப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும். காகிதம் எழுத்துக் குழிக்குள் இறங்கும். முக்கால்வாசி காய்ந்ததும் துணிப் பந்தால் மையை ஒற்ற வேண்டும். குழிக்குள் மை போகாது. அதனால் கல்லெல்லாம் கறுப்பாகவும் எழுத்து மட்டும் வெள்ளையாகவும் வரும். உரித்தெடுத்து, பின்பக்கத்தில் ஊர், இடம், எத்தனை வரி என்று எழுதி மடித்துவிட்டால் வேலை முடிந்தது. சொல்வதற்கு இவ்வளவுதான். எங்கள் பக்கத்து வெயிலிலும் காற்றிலும் செய்து பார்த்தால் தெரியும். பத்து மணிக்குள் ஒட்டவில்லை என்றால் காகிதம் அப்பளம் மாதிரி எழும்பிக்கொள்ளும்.

முதல் முறை அந்தக் கறுப்புக்குள் வெள்ளை எழுத்து மேலே வந்தபோது நான் பந்தைக் கீழே போட்டுவிட்டேன். யாரோ காகிதத்துக்குப் பின்னால் இருந்து எழுதுவது போல இருந்தது. அந்தத் திடுக்கிடல்தான் என்னை அந்த வேலையிலேயே நிறுத்தியது. கூலி நிறுத்தியிருக்காது.

அப்புறம் பார்த்ததெல்லாம் அதிர்ச்சிதான். மேற்கே ஒரு குன்றில், பாறை நிழலில், சிவப்புக் குழம்பால் வரைந்த மான்களும் ஆட்களும் இருந்தார்கள். வரைந்து எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டதற்கு, “எழுத்தே வராத காலம்” என்றார் சார். அந்த மான்களின் முதுகில் வெள்ளைப் பெயின்டால் காதலர் பேர் எழுதி, அம்பு விட்ட இதயமும் போட்டிருந்தது. நான் கல்லைத் தூக்கி எறிந்து கத்தினேன். சார் கத்தவில்லை. உட்கார்ந்து மான்களை எண்ணிக் குறித்தார். பிறகு அந்தக் காதலர் பேரையும் குறித்தார். “அதையேன் சார் எழுதுறீங்க?” என்றேன். “பாறையில இருக்கே” என்றார்.

ஒரு கண்மாய் மடையில் எழுத்துள்ள கல்லில் நான்கு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் எழுத்தெல்லாம் தேய்ந்து சோப்புக்கட்டி போல வழவழ என்று இருந்தது. நான் தலையில் கை வைத்தேன். அதில் ஒருத்தி, “இந்தக் கல்லுலதான்யா அழுக்குப் போகும், சொரசொரன்னு இருக்குல்ல. நடுவுல தேஞ்சிருச்சு. வேற எழுத்து வெட்டித் தருவீகளா?” என்றாள். சார் அவர்கள் துவைத்து முடிக்கும்வரை வரப்பில் காத்திருந்தார். மிஞ்சின ஓரத்தைப் படித்தார். தேய்ந்த இடத்துக்கு நோட்டில் புள்ளி வைத்தார். தெரியாத எழுத்துக்குப் புள்ளி. ஊகித்து ஒரு எழுத்துகூடப் போடமாட்டார். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியாகவே இருந்த நாளும் உண்டு.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. எண்ணெய் ஏறின கல்லை, அதாவது கும்பிடுகிற கல்லை, ஊர்ப்பெரியவர் அனுமதி கொடுத்தாலும் தொடமாட்டார். “தினமும் அதைத் தொடுற கை யாருதோ, அந்தக் கையைக் கேக்கணும். அந்தக் கைதான் கழுவணும்” என்பார். அதனால் எத்தனையோ ஊரில் பூசாரி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சந்தைக்குப் போயிருக்கிறார் என்று நாங்கள் சும்மா திரும்பியிருக்கிறோம். எனக்கு எரிச்சலாக வரும்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் ஒரு ஊர். பேர் வேண்டாம். கண்மாய்க் கரையில் உடை என்கிற முள்மரம் ஒன்று, அதன் அடியில் தகரக் கொட்டகை, அதற்குள் இடுப்பு உயரக் கல். ஊருக்கு அது கரையம்மா. சேலை கட்டி, வளையல் போட்டு, முகத்தில் வெள்ளிக் கண்மலர் இரண்டு பதித்திருந்தார்கள். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் பல காலம் பூசிப் பூசி, முகம் கைத்தடிமனுக்குப் பத்து, அதாவது பூச்சு, ஏறி உருண்டு திரண்டு இருந்தது. பார்த்தால் நல்ல களையான பெண் முகம்.

பூசை செய்தவர் இருளாயி அக்கா. ஐம்பது வயது இருக்கும். அப்பா பூசாரி, ஆண் பிள்ளை இல்லை, அதனால் இவர் கைக்கு வந்து முப்பது வருடம். அம்மன் என்பதால் பெண் பூசை செய்வதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த ஊர் வழக்கத்தில் ஆண் சாமியின் பீடத்தைப் பெண்கள் தொடக்கூடாது. பங்காளி முறையில் தம்பி ஒருவர் இருந்தார், சோலை. பூசை தனக்கு வர வேண்டியது என்று அவருக்கு நினைப்பு. அம்மன் என்று இருக்கும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்லின் அடியில், சேலைக்குக் கீழே, எழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டு சார் அக்காவிடம் கேட்டார்.

“எழுத்து கீழதான இருக்கு? கீழ மட்டும் நானே கழுவித் தாரேன். மேல வேண்டாம் சார்” என்றார் அக்கா.

“மேல வேண்டவே வேண்டாம்மா” என்றார் சார்.

வியாழக்கிழமை என்று நாள் குறித்தோம். வழக்கம்போல நான் முதல் பஸ்ஸில் சாமானோடு முன்னால் போனேன். சார் ஒன்பது மணி வண்டிக்கு வருவார். போனால் அக்கா இல்லை. மகளுக்கு வலி கண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மதிய வண்டிக்கு வந்துவிடுவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

காற்று அப்போதே கிளம்பிவிட்டது. மதியம் என்றால் காகிதம் ஒட்டாது. இன்னொரு நாள் வெறும் நாள். அப்போதுதான் சோலை வந்தார்.

“என்ன, அக்காளத் தேடுறீகளா? நான் பங்காளிதான். என்னையக் கேட்டாப் போதும். கழுவுங்க.”

“அவுகதான் கழுவணும்னு சார் சொல்லியிருக்காரு.”

“எதுக்கு? ஆத்தா அழுக்கேறிக் கெடக்கா. பொங்கலுக்குப் புது மஞ்சக் காப்பு போட்டுருவோம். முழுசாக் கழுவுங்கண்ணே.”

அவர் மேல் பழி போடப் போவதில்லை. எனக்கே ஆசை இருந்தது. அந்தப் பத்துக்குள் என்ன இருக்கிறது என்று முதல் நாளே கை அரித்தது. ஓடும் பஸ்ஸில் தாண்டிப்போகிற ஊரில் எல்லாம் இறங்கிப் பார்க்க நினைக்கிற புத்தி எனக்கு. சீயக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்தேன். மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்தேன். சேலையை சோலை அவிழ்த்து ஓரமாகப் போட்டார்.

கீழே இருந்து ஆரம்பித்தேன். அந்தப் பத்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருந்தது. ஒரு வரி கறுப்பு, ஒரு வரி மஞ்சள், ஒரு வரி சிவப்பு. பழைய எண்ணெய் வாடை குமட்டியது. மோவாய்க்கு அடியில் சிம்பை விட்டு லேசாக நெம்பினேன். அவ்வளவுதான். முகம் முழுவதும் ஒரு ஓடு மாதிரிக் கழன்று என் கையில் வந்தது.

என் இரண்டு கையிலும் அந்த முகம். கண்மலர்கள் என்னைப் பார்த்தன. கல்லை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே முறுக்கின மீசையோடு ஒரு ஆள் என்னைப் பார்த்தார். பக்கவாட்டில் கொண்டை, கையில் ஓங்கின கத்தி, இடுப்பில் உறை. எந்தச் சண்டையிலோ விழுந்தவருக்கு நட்ட கல். வெட்டினவன் நல்ல கைக்காரன். மீசை நுனி மயிர்கூடத் தெரிந்தது.

ஓடு கை நழுவி விழுந்து தூள் தூளாக உடைந்தது. கண்மலர் இரண்டு மட்டும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தர், “ஏலே, இம்புட்டு வருசமா ஆம்பளைக்கா சேல கட்டிவிட்டோம்?” என்றார்.

“வளையலு வேற போட்டோமேப்பா. அவரு ஒண்ணும் சொல்லலையே.”

“கத்திய வச்சுக்கிட்டும் சும்மா இருந்திருக்காருடா. நல்ல மனுசன்.”

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், சோலை சிரித்திருந்தால். அவர் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணி வண்டியில் சார் வந்தார். தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார். கல்லைப் பார்த்தார், கீழே கிடந்த தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அந்தம்மா எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு, சார்.”

“காகிதம் நனைக்காத” என்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சோலை முன்னால் வந்தார். “சார், நீங்க படிச்சவுக. ஊர் முன்னால ஒரே வார்த்தையில சொல்லிருங்க. இது ஆம்பளச் சாமியா, பொம்பளச் சாமியா?”

சார் நேரம் எடுத்துக்கொண்டார். விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டி, அடியில் இருந்த எழுத்தைப் படித்தார். இரண்டரை வரி. இன்னார் மாடு மீட்டு விழுந்தார், அவருக்கு நட்ட கல் என்று இருந்தது. பேர் இருந்த இடம் சிதைந்திருந்தது. நோட்டில் புள்ளி வைத்தார்.

“கல்லுல செதுக்கியிருக்கிறது ஒரு வீரன். நீங்க கும்பிடுற சாமி யாருன்னு கல்லுல எழுதல” என்றார்.

அவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா மதிய வண்டியில் வந்தார். பேரன் பிறந்திருந்தான். கையில் பூவும் சீனி மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன. கரையில் கூட்டத்தைப் பார்த்து நடை வேகமானது. கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றார். கல்லை ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு மண்ணில் கிடந்த சேலையை எடுத்து உதறி, மடிக்க ஆரம்பித்தார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார்.

“அக்கா, இனிமே நீ பீடத்தத் தொடக்கூடாது. இது ஆம்பளச் சாமி. ஆபீசரே சொல்லிட்டாக” என்றார் சோலை.

அக்கா சாரிடம் திரும்பினார். “நீங்க சொன்னீகளா?”

“கல்லுல இருக்கிறதைச் சொன்னேம்மா.”

“கல்லுல இருக்கிறதத்தான் சொன்னீகளாக்கும்” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. சார் தலை குனிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இதுக்கு மேல நான் சொல்றதையும் கேளுங்கப்பா. இவங்க முப்பது வருஷமா செய்ற பூசை” என்று சார் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் பீடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னிடம் வந்தார். உள்ளங்கையை நீட்டினார்.

“கண்ணக் குடு தம்பி.”

அவ்வளவு நேரமும் கையை மூடியே வைத்திருந்திருக்கிறேன். திறந்தேன். கண்மலர் பதிந்த தடம் என் கையில் சிவப்பாக இருந்தது. அவர் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா அந்த வழியாக வீட்டுக்குப் போனார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். “அக்கா, தெரியாமச் செஞ்சுட்டேன். உள்ள ஆம்பள இருப்பாருன்னு எனக்குத் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியும்” என்றார்.

மடித்த சேலையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“முப்பது வருசமா எண்ணெ தேய்க்கிறேன். எங்கப்பா குடுக்கும்போது பத்து இம்புட்டுக் கனமில்ல. மீச கையில தட்டாதா? நான்தான் மேல மேலப் பூசுனேன்.”

“பின்ன ஏங்க்கா...”

“ஆத்தான்னு கூப்பிட்டேன். என்னன்னு கேட்டுச்சு. அதுக்கு மேல நான் என்னத்தத் தோண்ட?” என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தார். பேரன் பிறந்ததற்கு. அதை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் இறங்கும்போது சார், “நாளைக்கு வா” என்றார். போனேன். ஆனால் இரண்டு மாதத்துக்கு என்னை ஒரு கல்லையும் நனைக்க விடவில்லை. பெட்டியை மட்டும் தூக்கினேன். பதிவேட்டில் அந்த ஊருக்கு நேரே சார் எழுதியிருந்ததை ஒரு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். “மைப்படி எடுக்கப்படவில்லை. கல் கழுவப்பட்டது. தவறு எங்களுடையது.” எங்களுடையது என்று எழுதியிருந்தார். செய்தது நான் ஒருவன்.

அடுத்த பங்குனியில் யாரும் அனுப்பாமல் நானே அந்த ஊருக்குப் போனேன். உடை மரத்தடியில் தகரம் போய் சிமென்ட் கூரை வந்திருந்தது. கல்லுக்கு நீல வேட்டி வரைந்து, மீசைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பீடத்தில் ஒரு வாடின மாலை. ஆள் இல்லை. பொங்கல் வைக்கிற மாதம். ஒரு அடுப்புக் கரிகூட இல்லை.

கரையிலேயே இன்னும் இருநூறு அடி நடந்தேன். பனை ஓலை நிழல் ஒன்று போட்டு, பெண்கள் ஐந்தாறு பேர் பொங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கரட்டுக் கல். உளி படாத கல். அதற்கு அதே சேலை. அதில் அதே கண்மலர் இரண்டு. பத்து இன்னும் ஏறவில்லை, அதனால் கண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. அக்கா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார்.

“வா தம்பி. பொட்டிய விட மாட்டியாக்கும்?”

தோளில் சாமான் பெட்டி இருந்தது. அது இல்லாமல் வெளியே போகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“நல்லதாப் போச்சு. இந்தக் கல்லுல ஒத்தி எடு” என்றார்.

“இதுல ஒண்ணும் இல்லக்கா. பார்த்தாலே தெரியுது.”

“அன்னைக்கும் பார்த்தாத் தெரியலைல்ல? எடு.”

பெண்கள் பொங்கலை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் தண்ணீரைத் தொடவில்லை. “நீங்க கழுவித் தாங்கக்கா” என்றேன். அவர் கண்மலரை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு, சேலையை அவிழ்த்து, தன் கையாலேயே கழுவினார். காகிதத்தை நனைத்து ஒட்டினேன். காற்று அடித்தது. நான்கு பெண்கள் சேலை முந்தானையை விரித்து மறைவு பிடித்தார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்தேன். ஒரு கோடு, ஒரு கால், ஒரு கத்தி நுனி வந்துவிட்டால் என்ன செய்வது? மையை ஒற்றினேன். கறுப்பு. இன்னும் கறுப்பு. உரித்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

“என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“மூலையில பாரு.”

“மூலையிலும் இல்ல.”

“அடியில?”

“அடியிலும் இல்லக்கா. முழுக்கக் கறுப்பு.”

அக்கா காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். வழக்கம்போல ஊர் எழுதினேன், இடம் எழுதினேன், வரி என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு சுருட்டி ஓலைக் கூரைக்குள் செருகினார்.

“அப்பச் சரி” என்றார். “இனி எவனும் கழுவிக் கொண்டுபோக முடியாது.”

முந்தானையை அவிழ்த்தார். ஈரக் கல்லில் மஞ்சளை அப்பி ஒரு கண்ணை வைத்து அழுத்தினார். மற்றதைப் பதிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்.